முன்னாள் மாணவரிடம் என்ன கேட்பது? – ட்ரிபிள் ஈ துறைக்கான கேள்வி பதில்

பொறியியல் கல்லூரிகளின் மின்பொறியியல் (ட்ரிபிள் ஈ) துறைகளுக்கு ஆலோசனை சொல்ல வரும் முன்னாள் மாணவர்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, துறை ஆலோசனைக் குழுக்களில் இருக்கும் பொறியாளர்களும் பேராசிரியர்களும் இங்கே பதில் தருகிறார்கள்.

எங்கள் கல்லூரி அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ளது. ஆண்டுக்கு இரண்டு முறை ஆலோசனைக் குழு கூடுகிறது. வரும் முன்னாள் மாணவர்கள் ‘ஏ.ஐ. சேருங்கள், மின் வாகனம் சேருங்கள்’ என்கிறார்கள். பாடத்திட்டமோ எங்கள் கையில் இல்லை. இந்தக் கூட்டத்தால் என்ன பயன்?
– துறைத் தலைவர், விருதுநகர் மாவட்டம்

‘துறையை மேம்படுத்த ஆலோசனை சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாரிடமிருந்தும் இந்தப் பதில்தான் வரும். கேள்வியைச் சுருக்குங்கள். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே நான்கு தாள்களை அனுப்பிவிடுங்கள்: ஏதாவது ஒரு பாடத்தின் பாடத்திட்டம், அந்தப் பாடத்தின் லேப் சோதனைப் பட்டியல், லேப் கருவிகளின் பட்டியல் (எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்ற குறிப்போடு), பெயரை மறைத்த மூன்று விடைத்தாள்கள். ‘இந்தப் பாடம் படித்தவன் உங்கள் இடத்தில் முதல் மாதம் எங்கே திணறுவான்?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு பாடம் போதும்.

யாரை அழைக்கிறோம் என்பதும் முக்கியம். பெரிய பதவியில் இருப்பவர்களாகவே பார்த்து அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. கேட்கும் ‘கல்வி நோக்கங்கள்’ என்பதே, படித்து முடித்துச் சில ஆண்டுகளில் பட்டதாரி என்ன செய்கிறார் என்பதைப் பற்றியது. அதற்குச் சாட்சி படிப்பை முடித்து மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆனவர்கள்தான். ஆறு பேர் குழுவில் அவர்கள் மூன்று பேர் இருக்கட்டும். மின்வாரியம், பேனல் போர்டு தொழில், ஒப்பந்ததாரர் உரிமம் வைத்திருப்பவர் என்று வேலை வகையிலும் பிரித்து எடுங்கள்.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த விருப்பப் பாடத்தைத் திறப்பது, லேப் சோதனையை எப்படி நடத்துவது, பாடத்திட்டத்துக்கு அப்பால் எதைச் சேர்ப்பது, புராஜெக்ட் தலைப்பு, எந்தத் துணைமின் நிலையத்துக்கு அழைத்துப் போவது, இதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவிலேயே முதுநிலை படித்த ஒரு முன்னாள் மாணவரை முதல்வர் நியமிக்க இடம் உண்டு. அந்த இடத்தை யோசித்து நிரப்புங்கள்.

கூட்டக் குறிப்பில் மூன்று கட்டம்: சொன்னது, செய்பவர், தேதி. அடுத்த கூட்டம் அந்தத் தாளை வாசித்துத் தொடங்கட்டும்.

எங்கள் ஆலையில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் 2.2 கிலோவாட் வி.எஃப்.டி. டிரைவ் நான்கு, மூன்று ஆண்டாக ஸ்டோரில் கிடக்கின்றன. நான் படித்த துறைக்கு வாங்கித் தரலாமா?
– முன்னாள் மாணவர், ஓசூர்

தாராளமாக. ஆனால் அட்டைப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனால், அவை துறையின் பீரோவில்தான் போய்ச் சேரும். கூடவே ஒரு நாள் வந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போங்கள். அதற்குமுன் பார்க்க வேண்டியவை சில.

முதலில் பெயர்ப்பலகை. உள்ளீடு ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் என்று இருந்தால், டிரைவிலிருந்து வெளியே வருவதும் அதிகபட்சம் மூன்று ஃபேஸ் 230 வோல்ட்தான். லேபில் இருக்கும் 3 ஹெச்.பி. மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருக்கும். ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 240 வோல்ட். டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஒரே வரிசையில் மூன்றையும் சேர்க்கும் ஸ்டார் தகட்டைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று தகடு போட்டு டெல்டாவாக மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மோட்டார் உறுமும், சுமை ஏற்றியதும் டிரைவ் ஓவர்லோட் என்று நின்றுவிடும். ‘டிரைவ் கெட்டுப்போச்சு’ என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். டிரைவ் 415 வோல்ட் வகையாக இருந்தால் ஸ்டாரை அப்படியே விடுங்கள். அங்கே டெல்டா போட்டால் வைண்டிங் எரியும்.

டெல்டாவில் அதே மோட்டார் 5 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிரைவ் பாராமீட்டரில் அந்தப் புது எண்களைப் போட வேண்டும். ஒற்றை ஃபேஸ் உள்ளீட்டில் முழுச் சுமைக்கு 20 ஆம்பியருக்கு மேல் போகும்; லேப் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக் தாங்காது. தனி லைன் இழுத்து 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள்.

அடுத்தது கெப்பாசிட்டர். மூன்று ஆண்டு மின்சாரம் காணாத டிரைவுக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் ஏறினால் கசிவு மின்னோட்டத்தில் சூடேறி வெடிக்கலாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு டிம்மர்ஸ்டாட் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வழியாக ஏற்றுங்கள்: கால் பங்கு வோல்ட்டேஜில் அரை மணி, பாதியில் அரை மணி, முக்காலில் அரை மணி, முழுதில் அரை மணி. தயாரிப்பாளர் கையேட்டில் இதற்குமேல் நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தொடரில் ஒரு 100 வாட் குண்டு பல்ப் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு படியிலும் பல்ப் ஒரு முறை மின்னி மங்கிவிட்டால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அந்த டிரைவை ஓட்டாதீர்கள். பாதி வோல்ட்டேஜில் திரை உயிர்பெற்று ‘குறை வோல்ட்டேஜ்’ என்று பிழை காட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம். அணைத்தபின் ஐந்து நிமிடமாவது பொறுத்து, டி.சி. முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். 230 வோல்ட் டிரைவில் அங்கே 325 வோல்ட் டி.சி. நிற்கும்.

லேபின் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழும். டிரைவின் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கசிவதே காரணம். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடாதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் வகையை அந்தத் தனி லைனுக்குப் போட்டு, எர்த் கம்பியைத் தனியே இழுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். டிரைவின் வெளியீட்டில் சாதாரண ஆசிலோஸ்கோப் புரோபை மாட்டக் கூடாது. புரோபின் கிரவுண்ட் கிளிப் ஸ்கோப் வழியாக எர்த்தில்தான் இருக்கிறது. கிளிப் தொட்ட கணம் ஷார்ட். அலைவடிவம் பார்க்க டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும். நன்கொடை தர மனம் இருக்கிற இன்னொரு நண்பரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்கில் மூன்றை ஓட்டக் கொடுங்கள். நான்காவதை மூடியைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ரெக்டிஃபயர், கெப்பாசிட்டர், ஐ.ஜி.பி.டி. மாட்யூல் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதைப் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

மாடல், சீரியல் எண், கையேடு, பாராமீட்டர் பாஸ்வேர்டு எல்லாம் குறித்த கடிதம் ஒன்று கூடப் போகட்டும். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்குமா என்று ஆலையின் கணக்குப் பிரிவு முதலிலேயே பார்த்துவிடட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து துறைக்குப் பணம் அனுப்ப விரும்புகிறோம். சட்டச் சிக்கல் உண்டா?
– முன்னாள் மாணவர், டல்லஸ்

உங்களில் யார் எந்தக் குடியுரிமை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் பணத்தை வாங்கக் கல்லூரி அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென இருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும். இரண்டு வகைப் பணத்தையும் ஒருவர் கணக்கில் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பாதீர்கள்.

பாதுகாப்பு ரிலே (லைனில் பிழை வந்தால் பிரேக்கரைத் திறக்க வைக்கும் கருவி) வேலையில் இருக்கும் எங்கள் முன்னாள் மாணவர்கள், ‘பிள்ளைகளுக்கு ரிலே செட்டிங் போடத் தெரியவில்லை’ என்கிறார்கள். பாடத்தில் சூத்திரம் நடத்துகிறோமே! எதைச் சேர்க்க வேண்டும்?
– உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்

ஒரு ரிலேவுக்கு நேரம் கணக்கிடப் பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டு ரிலேக்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. அதற்கு ஒரு கணக்கு போதும்.

கீழ் ஃபீடரில் சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்து ரிலேவுக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) 200/5, பிளக் செட்டிங் (ரிலே வேலை செய்யத் தொடங்கும் அளவு) 100 சதவீதம், டி.எம்.எஸ். (நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி) 0.1. பிழை மின்னோட்டம் 2000 ஆம்பியர். பி.எஸ்.எம்., அதாவது மின்னோட்டம் செட்டிங்கைப்போல் எத்தனை மடங்கு என்பது, 10. ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைகோட்டில் டி.எம்.எஸ். 1க்கு 2.97 நொடி, 0.1க்கு 0.3 நொடி. இப்போது மேலே உள்ள ரிலே: சி.டி. 400/5, அதே 100 சதவீதம். பி.எஸ்.எம். 5, டி.எம்.எஸ். 1க்கு 4.28 நொடி. ‘மேலேயும் 0.1 வைத்தால் என்ன?’ என்று கேளுங்கள். 0.43 நொடி வரும். ‘கீழே உள்ளது முந்திக்கொள்கிறதே, சரிதானே’ என்பார்கள். இடைவெளி 0.13 நொடிதான். கீழ் பிரேக்கர் திறந்து ஆர்க் அணைய ஆகும் நேரம், ரிலேயின் பிழை, சி.டி.யின் பிழை எல்லாம் அதற்குள் அடங்காது. இரண்டும் விழுந்து ஊரே இருட்டாகும். இடைவெளி 0.3 முதல் 0.4 நொடி வேண்டும். டி.எம்.எஸ். 0.15 வைத்தால் 0.64 நொடி, இடைவெளி 0.34. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

லேபில் ரிலேவுக்கே நேராக மின்னோட்டம் கொடுத்துச் சோதிக்கும் செகண்டரி இன்ஜெக்‌ஷன் செய்யும்போது பி.எஸ்.எம். 10க்கு 50 ஆம்பியர் வேண்டும். 5 ஆம்பியர் ரிலேவுக்குள் அதை நீட்டித்து விட்டால் காயில் சூடேறும். பி.எஸ்.எம். 2, அதாவது 10 ஆம்பியரில் தொடங்குங்கள், டி.எம்.எஸ். 0.1க்கு 1 நொடி வர வேண்டும். ரிலேயைக் கழற்றும்முன் சி.டி. செகண்டரியை ஷார்ட் செய்யாத மாணவருக்கு அன்றைய மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். பிரைமரியில் மின்னோட்டம் ஓடும்போது செகண்டரி திறந்தால் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் வரும்.

முன்னாள் மாணவர்களிடம் உண்மையான செட்டிங் தாள் ஒன்றை, நிலையத்தின் பெயரை அழித்துவிட்டு வாங்குங்கள். டிஸ்டன்ஸ் ரிலே (இம்பீடன்ஸை வைத்துப் பிழையின் தூரத்தை அறிவது) நடத்தும்போது 2012 ஜூலை 30ஐயும் சொல்லுங்கள். 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் லைன் அன்று அதிகாலை விழுந்தது. லைனில் ஷார்ட் எதுவும் இல்லை. சுமை மிகுந்ததால் ரிலே கண்ட இம்பீடன்ஸ், அது பிழை என்று எடுத்துக்கொள்ளும் மூன்றாம் மண்டலத்துக்குள் (தொலைவான எல்லை) நுழைந்தது. வட இந்தியா இருண்டது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. தென் மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்தியங்கும் இணைப்பில் இல்லாததால் நமக்கு அந்த விழுகை வரவில்லை. 2013 டிசம்பர் 31இல்தான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைனில் இணைந்தோம். ‘மூன்றாம் மண்டலம் என்றால் என்ன’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

டி.சி. மெஷின் லேபை எடுத்துவிட்டு மின் வாகன லேப் அமைக்கச் சொல்கிறோம். ஆசிரியர்கள் மறுக்கிறார்கள். யார் சரி?
– முன்னாள் மாணவர், சென்னை

இதில் நாங்கள் ஆசிரியர்கள் பக்கம். டி.சி. மோட்டாரோடு இணைத்த ஆல்டர்னேட்டர் செட் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். கிரிட்டோடு இணைவது என்றால் என்ன என்று கையால் உணர வேறு வழி லேபில் இல்லை. டி.சி. மோட்டாரின் ஃபீல்டைத் திருகி 4 துருவ ஆல்டர்னேட்டரை 1500 சுற்றுக்குக் கொண்டுவந்து, இருள் விளக்கு முறையில் சேர்க்கட்டும். விளக்குகள் மூன்றும் சேர்ந்து மங்கிச் சேர்ந்து எரிய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால் ஃபேஸ் வரிசை தவறு, இரண்டு கம்பியை மாற்ற வேண்டும். எதிர்ஃபேஸில் விளக்கின் மேல் இரு மடங்கு வோல்ட்டேஜ் வரும் என்பதால் ஒவ்வொரு ஃபேஸிலும் இரண்டு விளக்கைத் தொடரில் போடுங்கள். சோலார் இன்வெர்ட்டர் இதையே மென்பொருளில் செய்கிறது என்று அப்போது சொன்னால் புரியும்.

ஷன்ட், சீரிஸ் என்று ஒரே மாதிரியான லோட் டெஸ்ட்களுக்காக வைத்திருக்கும் கூடுதல் செட்களை எடுத்தால் இடம் கிடைக்கும்.

நான் ட்ரிபிள் ஈ படித்து ஐ.டி.யில் இருக்கிறேன். துறைக்கு நான் என்ன சொல்ல முடியும்?
– முன்னாள் மாணவி, கோயம்புத்தூர்

லேபின் மெயின் போர்டில் டிஜிட்டல் எனர்ஜி மீட்டர் இருக்கிறதா, பின்பக்கம் தரவு அனுப்பும் ஆர்.எஸ்.485 முனைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், மோட்பஸ் (மீட்டரும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக அதைப் படித்து நாள் முழுக்கச் சுமை வரைபடம் போடும் புராஜெக்ட் ஒன்றை நான்கு மாணவர்களுக்கு நீங்கள் நடத்தலாம். முதல் நாள் எதுவுமே வராது. ஏ, பி கம்பிகள் மாறியிருக்கும். இல்லையென்றால் பாட் ரேட் (தரவு வேகம்) அல்லது பாரிட்டி மீட்டரில் ஒன்று, நிரலில் ஒன்று என்று இருக்கும். இரண்டு மீட்டருக்கு ஒரே முகவரி இருந்தாலும் இப்படித்தான். நீண்ட கேபிள் என்றால் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். எல்லாம் சரியாகி எண் வந்த பிறகும் வோல்ட்டேஜ் கன்னாபின்னாவென்று தெரிந்தால், 32 பிட் எண்ணைத் தாங்கும் இரண்டு ரெஜிஸ்டர்களின் வரிசை தலைகீழாக இருக்கிறது. அதை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் 230ஐ ஒட்டி ஏதோ ஒன்று வரும்.