விந்தணு வெளியே வந்தவுடன் கருமுட்டையோடு சேர முடியாதது ஏன்?

கேள்வி: விந்தணு உடலிலிருந்து வெளிவந்தவுடன் அதற்குக் கருவுறச் செய்யும் திறன் இருப்பதில்லை என்று பாடத்தில் படித்தேன். ஏன் அப்படி? பெண்ணின் உடலுக்குள் அதற்கு என்னதான் நடக்கிறது?

கருத்தரிப்பு சிகிச்சைக்கான ஆய்வுக்கூடத்தில் விந்தணுக்களைத் தயார்செய்வது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது.

நீங்கள் படித்தது சரிதான். அப்போதுதான் வெளிவந்த விந்தணுவைக் கருமுட்டையின் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டாலும் அதனால் உள்ளே நுழைய முடியாது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எம்.சி. சாங், ஆஸ்திரேலியாவில் சி.ஆர். ஆஸ்டின் இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கிய விந்தணுவுக்கே அந்தத் திறன் வருகிறது. இந்த மாற்றத்தைக் கெபாசிட்டேஷன் என்பார்கள். இங்கே திறனேற்றம் என்று எழுதுகிறேன். இதை அறிந்த பிறகே, உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் முயற்சிகளுக்கு வழி பிறந்தது. 1959இல் சாங் முயல்களில் அதைச் செய்து காட்டினார்.

விந்தணுவின் நிலைமையே விசித்திரமானது. மற்ற செல்களுக்கு ஒரு புதிய தேவை வந்தால், அதற்குரிய மரபணுவை இயக்கிப் புதிய புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும். விந்தணுவால் அது இயலாது. அதன் டிஎன்ஏ புரோட்டமின் என்னும் புரதங்களால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. செல்லின் உட்பொருளில் பெரும்பகுதியையும் அது முன்பே உதிர்த்துவிட்டது. ஆகவே கையிருப்பில் உள்ள புரதங்களை வைத்தே அது எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். ஒரு புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுவது, அதைக் கழற்றுவது, சவ்வில் உள்ள அயனி வாயில்களைத் திறப்பது, மூடுவது ஆகியவையே அதன் ஆயுதங்கள். திறனேற்றம் முழுக்க முழுக்கச் செல் சமிக்ஞைகளின் வேலையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

விந்தகத்திலிருந்து வெளியேறும் விந்தணுவுக்கு நீந்தக்கூடத் தெரியாது. எபிடிடிமிஸ் என்ற சுருண்ட குழாயைக் கடந்துவர அதற்குப் பல நாட்கள் ஆகின்றன. மனிதரில் அந்தக் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். நீந்தும் தகுதி அங்கே வந்துவிடும். ஆனால் அங்குள்ள திரவம் சற்று அமிலத்தன்மை உடையது, பைகார்பனேட்டும் மிகக் குறைவு. அதனால் விந்தணு அடங்கியே கிடக்கும். விந்துத் திரவத்தோடு கலந்தவுடன் பைகார்பனேட் பல மடங்கு உயர்கிறது. அதுதான் முதல் சமிக்ஞை. விந்தணுவின் உள்ளே இருக்கும் அடினைல் சைக்ளேஸ் நொதி பைகார்பனேட்டை நேரடியாகவே உணர்ந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை உருவாக்குகிறது. அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை எழுப்ப, வால் வேகமாகத் துடிக்கத் தொடங்குகிறது. (இந்த அடினைல் சைக்ளேஸைத் தற்காலிகமாகத் தடுக்கும் ஒரு மருந்தை 2023இல் ஆண் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குக் கருத்தரிப்பு முற்றிலும் நின்றது. மறுநாள் திறன் திரும்பிவிட்டது. ஆண்களுக்கான கருத்தடை பற்றி எனக்கு நம்பிக்கை தந்த செய்தி இது.)

வால் துடிப்பது சட்டென்று நடந்துவிடும். மற்றவை மெதுவாகவே நடக்கின்றன. பெண்ணின் உடல் திரவத்திலுள்ள அல்புமின் என்ற புரதம், விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவி எடுக்கிறது, சவ்வு இளகுகிறது. உள்ளே அமிலத்தன்மை குறைகிறது. பல புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. இவற்றுக்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதையேதான்: விந்துத் திரவத்தை அகற்றிவிட்டு, பைகார்பனேட், கால்சியம், அல்புமின் கலந்த ஊடகத்தில் விந்தணுக்களை வைக்கிறோம். இன்குபேட்டருக்குள் கார்பன் டைஆக்சைடு செலுத்துவது அந்த ஊடகத்தின் பைகார்பனேட் சமநிலையைக் காப்பதற்காகத்தான்.

அடுத்து கால்சியம். விந்தணுவின் வாலில் மட்டுமே காணப்படும் கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயிலை 2001இல் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் அமிலத்தன்மை குறையும்போது அது திறக்கிறது. மனிதரில், முட்டையைச் சூழ்ந்துள்ள செல்கள் சுரக்கும் புரொஜெஸ்டிரோனும் அதைத் திறக்கும் என்று 2011இல் இரண்டு குழுக்கள் காட்டின. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் சீரான நீச்சல் போய், வால் சாட்டைபோல் ஒருபுறம் பலமாக வளைந்து அடிக்கிறது. கருக்குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் விந்தணு விடுபடுவதற்கும், முட்டையின் தடித்த வெளியுறையைத் துளைப்பதற்கும் இந்த அடி தேவை. கேட்ஸ்பர் இல்லாத ஆண் சுண்டெலிகள் மலடாகவே இருக்கின்றன.

தலைப்பகுதியில் உள்ள ஆக்ரோசோம் பை வெடித்துத் திறப்பதற்கும் திறனேற்றம் முடிந்திருக்க வேண்டும். அது திறந்த பிறகே இசுமோ1 என்ற புரதம் வெளியே தெரியும். முட்டையின் மேலுள்ள ஜூனோ என்ற புரதத்தோடு அது இணையும். முன்கூட்டியே பை திறந்துவிட்ட விந்தணு பெரும்பாலும் வீண்தான். திறனேறிய நிலையும் நெடுநேரம் நீடிப்பதில்லை. மனிதரில் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒரு சிறு பங்கு விந்தணுக்களே திறனேறி இருக்கும். அவை ஓய ஓய வேறு சில தயாராகும். முட்டை வரும் நேரம் நிச்சயமில்லாதபோது இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! எல்லோரும் சொல்லும் "கோடிப் பேர் ஓடும் ஓட்டப்பந்தயம்" என்ற சித்திரத்தை நான் ஏற்பதில்லை. முதலில் வந்து சேர்ந்தது இன்னும் தயாராகாத விந்தணுவாக இருந்தால் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமான விந்துப் பரிசோதனை எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. திறனேற்றத்தை அது அளப்பதில்லை. கேட்ஸ்பர் குறைபாடுள்ள ஆண்களில் சிலருக்கு அறிக்கை முற்றிலும் இயல்பாகவே வருகிறது. ஆனாலும் இயற்கையாகக் கருத்தரிப்பதில்லை, முட்டையையும் விந்தணுக்களையும் உடலுக்கு வெளியே சேர்த்து வைக்கும் சாதாரண ஐவிஎஃப் முறையும் தோற்கிறது. விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறைதான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. எனவே கணவரின் அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் குறையை மனைவியின் மேல் சுமத்தாதீர்கள். காரணம் தெரியாமலே கருத்தரிப்பு தள்ளிப்போனால், விந்தணுவின் செயல்திறனைச் சோதிக்க வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.