வாசகர் கேள்வி–பதில்: கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிக்கலாமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியலுடன் கணினி அறிவியலும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், தன் மகன் அங்கே ‘கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டெக்னாலஜி’ என்ற இளநிலைப் பட்டம் படிப்பதாகவும், இவளையும் அதிலேயே சேர்க்கும்படியும் சொல்கிறார். இங்கே விசாரித்தால் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் தக்காளி விவசாயம் செய்பவர்கள். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. எதில் சேர்ப்பது?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் உறவினர் சொன்னது உண்மையாகவே உள்ள படிப்புதான். ஆனால் அது நம் ஊரில் பொறியியல் என்று நாம் சொல்லும் படிப்பிலிருந்து சற்று வேறுபட்டது. அமெரிக்காவில் இத்தகைய பட்டங்களை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்கும் ஏபெட் என்ற அமைப்பு, பொறியியலுக்கு ஓர் ஆணையத்தையும் பொறியியல் தொழில்நுட்பத்துக்குத் தனியாக வேறோர் ஆணையத்தையும் வைத்திருக்கிறது. இரண்டுமே பெரும்பாலும் நான்கு ஆண்டுப் படிப்புகள்தாம். பொறியியலில் உயர்கணிதமும் கோட்பாடும் கூடுதலாக இருக்கும். தொழில்நுட்பப் பட்டத்தில் ஆய்வக நேரமும், ஏற்கெனவே உள்ள கருவிகளையும் வலையமைப்புகளையும் பொருத்தி, இயக்கி, பழுது கண்டுபிடிக்கும் பயிற்சியும் கூடுதலாக இருக்கும். நாடுகளுக்கிடையே பட்டங்களை ஏற்றுக்கொள்வதற்கான உடன்பாடுகளிலும் இந்தப் பிரிவு உண்டு. பொறியாளர் பட்டங்களுக்கு 1989-இல் ஏற்பட்டது வாஷிங்டன் ஒப்பந்தம். தொழில்நுட்பப் பட்டங்களுக்கு 2001-இல் ஏற்பட்டது சிட்னி ஒப்பந்தம். இந்தியா 2014-இல், தேசிய அங்கீகார வாரியத்தின் வழியாக, வாஷிங்டன் ஒப்பந்தத்தில் உறுப்பினரானது.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் கணினி அறிவியல் பொறியியலுக்கு பி.இ. என்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கு பி.டெக். என்றும் பட்டம் தருகிறார்கள். ‘டெக்’ என்று வருவதால் அதுதான் அமெரிக்க டெக்னாலஜி பட்டம் என்று எண்ண வேண்டாம். பி.இ., பி.டெக். இரண்டும் இங்கே ஒரே தகுதி உடையவை, ஒரே கலந்தாய்வில் கிடைப்பவை. கணினியின் வன்பொருளிலும் மென்பொருளிலும் ஒருசேரக் கைவைக்க விரும்பும் பிள்ளைக்கு நம் ஊரில் இருக்கும் வழிகள் மூன்று: கணினி அறிவியல் பொறியியல், மின்னணுவியல்–தகவல் தொடர்பியல், அல்லது பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டு பொறியியலில் நேரடியாகச் சேர்வது.

உங்கள் மகளின் மனம் எதில் செல்கிறது என்பதை எப்படி அறிவது? பல ஆண்டுகள் ஆய்வகத்தில் பிள்ளைகளோடு நின்றவன் என்ற முறையில், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பூஜ்யம் அல்லது ஒன்றாக இருக்கும் இரண்டு உள்ளீடுகளைக் கூட்டும் மிக எளிய சுற்று ஒன்று உண்டு. பிரெட்போர்டு என்ற துளைப் பலகையில் 7486, 7408 என்ற இரண்டு ஐசிகளை, அதாவது மின்னணுச் சில்லுகளை, பொருத்தி, பதினான்காவது காலுக்கு ஐந்து வோல்ட்டும் ஏழாவது காலுக்கு கிரவுண்டும் கொடுத்து, விடையைக் காட்ட இரண்டு எல்.இ.டி. வைத்தால் போதும். ஒரு முறை ஒரு மாணவி எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், நான்கு வரி அட்டவணையில் இரண்டு வரிகளுக்கு மட்டும் விடை தப்பாக வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் ஐசி கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிது கேட்டுப் போனார்கள். அவள் போகவில்லை. தப்பான இரண்டு வரிகளையும் ஆப்சர்வேஷன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இரண்டாவது உள்ளீடு பூஜ்யமாக இருக்க வேண்டிய வரிகளில் மட்டுமே பிழை வருகிறது, அந்த உள்ளீடு எப்போதும் ‘ஒன்று’ என்றே இருந்தால்தான் இந்த விடை வரும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். பிறகு அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். சுவிட்சிலிருந்து வரும் ஒயரின் உள்ளே கம்பி அறுந்திருந்தது. இந்த வகை ஐசியில் எதனுடனும் இணைக்காமல் விட்ட உள்ளீடு ‘ஒன்று’ போலவே நடந்துகொள்ளும். அன்று அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தந்திருக்காது.

இப்படிப்பட்ட பொறுமையும் ஆவலும் உங்கள் மகளிடம் இருக்கிறதா என்பதை நீங்களே வீட்டில் கவனித்துப் பாருங்கள். கெட்டுப்போன மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்கும்போது அவள் வந்து நிற்கிறாளா, அல்லது கணக்கில் விடை வராத கேள்வியோடு அரைமணி நேரம் உட்காருகிறாளா? முதலாவதாக இருந்தால் மின்னணுவியல்–தகவல் தொடர்பியல், இரண்டாவதாக இருந்தால் கணினி அறிவியல் பொறியியல் பொருந்தும் என்பது என் அனுபவம். இரண்டும் இருந்தால் எதில் சேர்ந்தாலும் நன்றாகவே வருவாள்.

சேர்க்கைக்கு வருவோம். கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது; அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலில் அவள் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அது கட்-ஆஃபில் சேராது. இது தெரியாமல் ஏமாந்து நின்ற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கேட்கலாம். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவளாக இருப்பதால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையின் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அவள் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் வட்டாரத்திலேயே இரண்டு அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன: பர்கூரில் 1994-இல் தொடங்கியது ஒன்று, தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் 2013-இல் தொடங்கியது மற்றொன்று. இரண்டிலும் நான் சொன்ன இரு பிரிவுகளும் உண்டு. கலந்தாய்வில் கல்லூரி, பிரிவு விருப்பப் பட்டியலை நிரப்பும்போது, கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போடாமல், உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் வையுங்கள். மேலே இருப்பது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததற்கு வருவார்கள் என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை. முடிவுகள் வருவதற்கு முன்பே வீடு தேடி வந்து, ஒரு தொகையையும் அசல் சான்றிதழ்களையும் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் தயவுசெய்து ஒரு காகிதத்தையும் கொடுக்காதீர்கள். நான் அறிந்த ஒரு குடும்பம், கொடுத்த மாற்றுச் சான்றிதழைத் திரும்பப் பெறவே ஒரு ஆண்டை இழந்தது. அந்தப் பையன் அந்த ஆண்டு எங்கும் சேர முடியவில்லை என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: பாலிடெக்னிக்கில் கணினிப் பொறியியல் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நேரடி இரண்டாம் ஆண்டில் சேர ஆசை. ஆனால் கணக்கு சுமார்தான். அங்கே போய் அரியர் வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, ஐயா.
— ஒரு மாணவர், ஊத்தங்கரை

பதில்: தம்பி, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது தாண்டக்கூடியது. லேட்டரல் என்ட்ரியில் வருபவர்கள் முதல் ஆண்டின் கணிதத்தைப் படிக்காமல் நேராக மூன்றாம் செமஸ்டருக்கு வருகிறார்கள். அங்கே முதல் வாரத்திலிருந்தே டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் போன்றவை காத்திருக்கும். டிஸ்கிரீட் கணிதத்தில் வகையீடு, தொகையீடு அதிகம் வராது. கணங்கள், தர்க்கம், எண்ணிக்கை முறைகள், புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் வரைபடங்கள் என்று அது வேறு மாதிரியானது. ஆகவே பழைய கணக்கில் சுமாராக இருந்தவர்கள் இதில் நன்றாகச் செய்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். டிப்ளமோ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள வாரங்களில், ‘அ என்றால் ஆ’ என்ற வகைத் தர்க்க வாக்கியங்களுக்கு உண்மை அட்டவணை போடப் பழகுங்கள். கூடவே சி மொழியில் பாயின்டர் வரை நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள், பார்த்து எழுதாதீர்கள்.

உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு பலம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து வந்த உங்கள் வகுப்புத் தோழர்களில் பலர் ஒரு கணினியைப் பிரித்துப் பூட்டியிருக்க மாட்டார்கள், வலையமைப்புக் கேபிளின் ஆர்.ஜே. 45 முனையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று வரிசை மாறாமல் கிரிம்ப் செய்திருக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் அவர்களுக்கு நீங்கள் உதவுங்கள். கணக்கில் அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: தமிழ் வழியில் படித்தவன். கணினிப் பொறியியல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்குமே, சமாளிக்க முடியுமா?
— ஒரு மாணவர், அரூர்

பதில்: முடியும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் வழியில் தொடங்கியது கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும்தான். கணினிக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கில வழியிலேயே தயாராக வேண்டும். முதல் செமஸ்டர்தான் கடினம். ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் நூறுக்குள்தான் இருக்கும். அவற்றை ஒரு தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் சொந்தத் தமிழில் விளக்கம் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் சிறு சிறு வாக்கியங்களாக எழுதி, முடிந்த இடத்திலெல்லாம் படம் போடுங்கள். கணினி காட்டும் பிழைச் செய்தியைக் கண்டு மிரளாமல், அது சொல்லும் வரி எண்ணை முதலில் பாருங்கள். செமிகோலன் விடுபட்டது பல நேரங்களில் அதற்கு மேல் வரியில் இருக்கும்.