பழைய பேஞ்சோவ விக்கப் போறீங்களா? மொதல்ல உள்ள பாருங்க

கேள்வி: சார், என்கிட்ட ஒரு பழைய அஞ்சு கம்பி பேஞ்சோ வாத்தியம் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இப்ப விக்கலாம்னு பார்த்தா, வாங்க வர்றவர் எல்லா பார்ட்ஸும் ஒரிஜினலான்னு கேக்குறார். எப்படி கண்டுபிடிக்கிறது? பாலிஷ் போட்டு, கம்பிய முறுக்குற டியூனரும் புதுசா மாட்டிட்டு வித்தா நல்ல விலை வருமா?

பதில்: பாலிஷும் வேணாம், புது டியூனரும் வேணாம்ங்க. நல்லா தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டீங்கன்னா பழசுன்னு சொல்ல இருக்குற அடையாளமே போயிடும், விலையும் சேர்ந்து இறங்கும்.

பின்னாடி ரெசனேட்டர், அதாவது சத்தத்த முன்னாடி திருப்புற கிண்ணம் மாதிரி மூடி இருந்தா அத கழட்டுங்க. அனேகமா கையால திருகுற ஸ்க்ரூவாதான் இருக்கும், கம்பிய தளர்த்தவே தேவையில்ல. உள்ள டார்ச் அடிச்சு ரிம்ம, அதாவது அந்த வட்ட மரச்சட்டத்த பாருங்க, நம்பர் எதாவது குத்தியிருக்கா? பழைய வேகா கம்பெனி பேஞ்சோன்னா ரிம்லயும், நெக்குல, அதாவது நீளமான கைப்பிடியில இருந்து உள்ள குறுக்க போற கட்டையிலயும் நம்பர் இருக்கும், ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா நெக்கும் ரிம்மும் பிறந்ததுல இருந்தே ஜோடின்னு தைரியமா சொல்லலாம். 1920, 30கள்ல வந்த கிப்சன் கம்பெனி பேஞ்சோன்னா ரிம் உள்பக்கம் லாட் நம்பர், அதாவது ஒண்ணா சேர்த்து செஞ்ச தொகுதியோட நம்பர் இருக்கும், சில நேரம் அதே நம்பர ரெசனேட்டருக்குள்ள சாக்பீஸ்ல எழுதியிருப்பாங்க, தயவுசெஞ்சு அத தூசின்னு நினைச்சு தொடச்சிடாதீங்க.

விலைய தீர்மானிக்கிறது பெரும்பாலும் நெக்குதான். அந்தக் காலத்துல கிப்சன் செஞ்சதுல நாலு கம்பி டெனர் பேஞ்சோ நிறைய, அஞ்சு கம்பி கம்மி, அப்புறம் எல்லாரும் அஞ்சு கம்பி கேக்க ஆரம்பிச்சதும் டெனரோட நெக்க கழட்டிட்டு புதுசா அஞ்சு கம்பி நெக் செஞ்சு மாட்டுனாங்க, அதனால பழைய ரிம்மு, புது நெக்குன்னு ஏகப்பட்ட பேஞ்சோ சுத்திட்டிருக்கு. வாசிக்க அருமையா இருக்கும், ஆனா ஒரிஜினல் அஞ்சு கம்பியோட விலை இதுக்கு வராது. நெக் ரிம்ல வந்து உக்கார்ற இடத்துல இடைவெளி இருக்கா, நெக் மரத்தோட நிறமும் ரெசனேட்டர் நிறமும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. அந்த பழைய நாலு கம்பி நெக் பெட்டியில கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, அதையும் சேர்த்துக் குடுத்தா வாங்குறவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

டியூனர் மாத்தியிருக்காங்களான்னு தெரிய தலைப்பக்கத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. இப்ப இருக்குற வாஷர சுத்தி வார்னிஷ்ல இன்னொரு வட்டம் நிழல் மாதிரி தெரிஞ்சாலோ, சின்ன ஓட்டைய அடைச்ச தடம் இருந்தாலோ பழைய டியூனர் போயாச்சு. கம்பியோட அடிமுனைய பிடிக்கிற டெயில்பீஸ், மேல் தோல இறுக்குற கொக்கிய தாங்குற பிராக்கெட் இருக்குற இடத்துலயும் இதே கதைதான், சும்மா கிடக்குற ஓட்டை பொய் சொல்லாது. அப்புறம் ஸ்க்ரூ தலைய கவனிங்க, கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930கள் நடுவுலதான் புழக்கத்துக்கே வந்துச்சு, 1920கள்னு சொல்ற பேஞ்சோவுல அது இருந்தா யாரோ பின்னாடி போட்டது. ஒரு கொக்கி மட்டும் மத்தத விட நீலமா மினுங்குதுன்னா அதுவும் சந்தேகம்தான், பழைய நிக்கல் மங்கி லேசா மஞ்சளடிக்கும், குரோம் அப்படி ஆகாது.

மேல போர்த்தியிருக்குற ஹெட், அதுமேல கம்பிய தாங்குற பிரிட்ஜ், கம்பி இதெல்லாம் மாறியிருந்தா கவலையே படாதீங்க. பிளாஸ்டிக் ஹெட்டே 1950கள் கடைசியிலதான் வந்துச்சு, அதுக்கு முன்ன தோல்தான், அதுவும் கிழியுற சாமான். பிரிட்ஜ ஒட்டுறதே இல்ல, கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது.

விக்கிறப்போ "எல்லாம் ஒரிஜினல்"னு மொத்தமா எழுதாம, ரிம் ஒரிஜினல், நெக் மாத்துனது, டியூனர் தெரியலன்னு தனித்தனியா எழுதுங்க, தெரியாதத தெரியலன்னே போடுங்க, உள்ள இருக்குற நம்பர், சும்மா கிடக்குற ஓட்டை ரெண்டையும் கிட்டக்க போட்டோ எடுத்து போடுங்க. விஷயம் தெரிஞ்சவங்க மொதல்ல கேக்குறதே அந்த போட்டோவத்தான்.