பனியில் ஹைபீமா, லோபீமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து ஓசூர் மார்க்கெட்டுக்குக் குட்டி யானையில் தக்காளி ஏற்றிப் போகிறேன். மார்கழி, தை மாதங்களில் ராயக்கோட்டை தாண்டினாலே பனி மூடிக்கொள்கிறது. ஹைபீம் போட்டால் எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது, லோபீம் பத்தவில்லை. மஞ்சள் ஃபாக் லேம்ப் மாட்டலாமா? நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டலாமா?

பதில்: லோபீம்தான். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் பொடிப்பொடியான நீர்த்துளிகள். ஹைபீம் வெளிச்சம் அவற்றில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எதிரே தெரியும் வெள்ளைச் சுவர் உங்கள் லைட் கட்டியதுதான். ஃபாக் லேம்ப் மாட்டுங்கள், ஆனால் பம்பரை ஒட்டித் தாழ்வாக, ரோட்டைப் பார்த்தபடி இருக்கட்டும். மஞ்சளா வெள்ளையா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. கேபின் தலைமேல் எல்.இ.டி. பட்டையை மாட்டிக்கொண்டு போகிறார்களே, பனியில் அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

சரி, லைட் விஷயம் இவ்வளவுதான். உங்கள் கேள்வியில் ஸ்பீடு என்ற பேச்சே வரவில்லை. எனக்கு அதுதான் கவலை.

60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ நிற்கிறது என்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். ஈர ரோட்டில் நிற்க இன்னும் 30 மீட்டராவது வேண்டும். தக்காளிப் பெட்டி நிறைய இருந்தால் அதற்கும் மேல். வானிலைத் துறை ‘மிக அடர்ந்த பனி’ என்று சொல்வது 50 மீட்டருக்குள்தான் கண் தெரியும் என்ற நிலையை. அப்போது 60-இல் போனால், தெரிந்த பிறகு பிரேக் போட்டுப் பயனில்லை.

மீட்டர் கணக்கை ரோட்டில் யாரும் போட முடியாது. இப்படிச் செய்யுங்கள். பனிக்குள்ளிருந்து ஒரு மைல்கல்லோ புளியமரமோ முதலில் கண்ணில் படும் கணத்தில் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். அதைக் கடக்கும்போது ‘ஆயிரத்து நாலு’ முடிந்திருக்க வேண்டும். இரண்டிலேயே கடந்துவிட்டால் ஸ்பீடு அதிகம், குறையுங்கள். பனியில் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாததால் மெதுவாகப் போவது போலவே இருக்கும். மனசை நம்பாமல் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.

நம் பகுதியில் பனி ஒரே சீராக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண், மேகமில்லாத இரவு, காற்று அசையாத விடியல் மூன்றும் சேர்ந்தால் ஏரிக்கரைகளிலும் பள்ளங்களிலும் பனி தேங்கும். அரை கிலோமீட்டர் தெளிவாக இருக்கும், ‘அப்பாடா’ என்று ஆக்சிலேட்டரை மிதிப்பீர்கள், அடுத்த இறக்கத்தில் ஒன்றுமே தெரியாது. தெளிந்த இடத்தில் வேகமெடுப்பதுதான் பலரை மாட்டிவிடுகிறது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவதும் அப்படித்தான். அவர் போய் மோதினால் நீங்களும் மோதுவீர்கள்.

நாலு இண்டிகேட்டர் வேண்டாம். ஓடும் வண்டியில் அதைப் போட்டால் நீங்கள் திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. பின்விளக்கு இரண்டும் எரிகிறதா, அவற்றின்மேல் சேறு இல்லையா என்று கிளம்பும் முன் கையால் துடைத்துப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். பாலக்கோடு பக்கம் பின்விளக்கே இல்லாமல் போகும் கரும்பு டிராக்டர்களை நீங்கள் எத்தனை முறை திட்டியிருப்பீர்கள்!

அப்புறம், பாதி நேரம் மறைப்பது வெளிப்பனி அல்ல, உள்கண்ணாடியில் படியும் மூச்சு ஆவி. ஏ.சி. இல்லாத வண்டியில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அகலம் இறக்கி வையுங்கள், குளிரத்தான் செய்யும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கண்ணாடியில் ஆவி இன்னும் பளபளத்து மறைக்கும் என்பதால், முந்தின இரவே உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளால் தேய்த்துவிடுங்கள்.

பனி பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும். மண்டிக்காரரிடம் பேசி, பனி இறங்குமுன் இரண்டு, இரண்டரைக்குப் போய்ச் சேரப் பாருங்கள். முடியாத நாளில் எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் கிளம்பலாம்.

வழியில் ஒன்றுமே தெரியாமல் போனால் ரோட்டோரத்தில் நிறுத்தாதீர்கள். பங்க், தாபா, சுங்கச்சாவடி என்று உள்ளே ஒதுங்குங்கள். வண்டி பழுதாகி ரோட்டிலேயே நின்றுவிட்டால் அப்போதுதான் நாலு இண்டிகேட்டர். முக்கோணப் பலகையை வண்டிக்கு 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று டயரைப் பார்க்காமல், ரோட்டை விட்டு இறங்கி நின்று போன் போடுங்கள்: தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அடிபட்டால் 108.