நிற்கிற வண்டிகளும் நகர்கிற சைக்கிளும்: வாசகர் கேள்வி – பதில்

ஆடி அமாவாசை, தை அமாவாசை, தொடர் விடுமுறை என்றால் ராமேஸ்வரம் சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். அந்த வரிசையைச் சைக்கிளில் தாண்டிப் போவது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தினமும் மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு வேலைக்குப் போகிறேன். ரயில் பாலத்தைப் பார்க்கிறோம் என்று சுற்றுலா வருகிறவர்கள் சாலைப் பாலத்திலேயே காரை நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் வரிசை கட்டி நிற்கிறது. இடப்பக்கமாகத் தாண்டுவதா, வலப்பக்கமாகவா?
– வாசகர், மண்டபம்

எதிர்த் தடம் காலியாக இருந்து, தூரம் வரை கண்ணுக்குத் தெரிந்தால் வலப்பக்கம். இல்லையென்றால் வரிசையிலேயே நில்லுங்கள், அல்லது இறங்கி ஓர நடைபாதையில் உருட்டிக்கொண்டு போங்கள். இடப்பக்கம் புகுந்து மிதிப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம். ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். முந்துகிற வண்டி வலது கண்ணாடியில்தான் தெரியும் என்பது அவருக்குப் பழக்கம். இடப்பக்கம் வருகிற சைக்கிளை அவர் தேடுவதே இல்லை. பாலத்தில் படம் எடுக்க இறங்குகிறவர்களும் பெரும்பாலும் இடது கதவைத்தான் திறக்கிறார்கள். காருக்கும் ஓரக் கட்டைக்கும் நடுவில் மாட்டினால் ஒதுங்க இடம் கிடையாது.

கார்க் கதவு முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். ஆகவே எந்தப் பக்கம் போனாலும் காரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே போக வேண்டும். வலப்பக்கம் அந்த ஒரு மீட்டரை விட்டால் நீங்கள் எதிர்த் தடத்தில் இருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு வண்டியைத் தாண்டும் முன்பும், 'இப்போது எதிரே பஸ் வந்தால் எந்த இடைவெளியில் நுழைவேன்?' என்று பார்த்துக்கொள்ளுங்கள். பம்பரும் பம்பரும் ஒட்டி நின்றால் நுழைய இடமில்லை, அப்போது கிளம்பவே வேண்டாம். பாலம் நடுவில் உயர்ந்து இறங்குவதால், ஏற்றத்தில் இருக்கும்போது அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரியாது. உச்சிக்கு முன்னால் எப்போதும் வரிசைக்குள் வந்துவிடுங்கள்.

வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அந்த வேகத்தில், ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடித்து நிற்க சுமார் 4 மீட்டர் போதும், ஒரு கார் நீளம். 20 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 11 மீட்டர் ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்குதான், தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உங்களுக்கும் திறக்கிற கதவுக்கும் நடுவே அவ்வளவு தூரம் ஒருபோதும் இருக்காது.

பாம்பனில் இன்னொன்று காற்று. ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது பாம்பனை நோக்கிப் போனால் காற்று வலப்பின்பக்கமாக வரும். வரிசைக்கு வலப்பக்கம் போகிறவரை அது வண்டிகளின் மேல் தள்ளும். சிறிய சாய்வு, தொடர்ந்து வரும், சமாளிக்கலாம். திரும்பி மண்டபத்துக்கு வரும்போதுதான் சிக்கல். இப்போது காற்று இடப்பக்கம் இருந்து அடிக்கிறது, நீங்களோ பஸ்ஸின் வலப்பக்கம் அதன் மறைவில் போகிறீர்கள். பஸ் நீளம் முழுக்கக் காற்றே தெரியாது. பஸ்ஸின் முகப்பைத் தாண்டிய அந்த நொடியில் மொத்தக் காற்றும் ஒரே அடியாக வந்து எதிர்த் தடத்துக்குள் அரை மீட்டர் தள்ளிவிடும். உயரமான வண்டியின் முன்பகுதி வரும்போதே இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். சேலை முந்தானை, லுங்கி, தோளில் தொங்கும் பை எல்லாம் அந்த நேரத்தில் பாய்மரம்தான். காற்று பலமாக இருக்கும் நாளில் பஸ், லாரியைத் தாண்டவே வேண்டாம், கார்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரிசை நகரப் போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். முன்னால் சிவப்பு பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், வெளியே நின்றவர்கள் ஓடி வந்து ஏறுவார்கள், முன் சக்கரங்கள் திரும்பும். இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் ஏதாவது ஒரு காரின் பின்னால் போய்த் தடத்தின் நடுவில் நில்லுங்கள். பக்கவாட்டில் மட்டும் இருக்காதீர்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் அரசு கொடுத்த சைக்கிளில் போகிறாள். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டினால் திட்டுகிறேன். நான் சொல்வது சரிதானே?
– வாசகி, தேவிபட்டினம்

சரி. படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்கிறது. இறங்குகிறவர் தரையைப் பார்த்து இறங்குவாரே தவிர, பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பார்க்க மாட்டார். வலப்பக்கமும் சுலபமில்லை. பஸ் ஏறக்குறைய 11, 12 மீட்டர் நீளம். உங்கள் மகள் அதைத் தாண்ட நாலைந்து நொடி ஆகும். அதற்குள் கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தால் பஸ் வலப்பக்கம் ஒடித்துத்தான் கிளம்பும். இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடப்பதும் உண்டு. குழந்தையாக இருந்தால் கடைசிவரை தெரியாது. நாலு மீட்டர் பின்னால், ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் தெரிகிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். அவர் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் இவள் தெரியவில்லை. நிறுத்தத்தில் பஸ் நிற்பது பெரும்பாலும் அரை நிமிடம்.

மண் ஓரத்தில் இறங்கிப் போவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நல்ல யோசனை இல்லை. சீமைக் கருவேல முள் ஒரு பக்கம். தாருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள படி இன்னொரு பக்கம். இறங்குவது எளிது. மீண்டும் சாய்வாகத் தார் மேல் ஏறும்போது முன் சக்கரம் அந்த விளிம்பை உரசிக்கொண்டே ஓடி, ஏறாமல், வண்டியைச் சாலைப் பக்கம் சாய்த்துவிடும். இறங்கியே ஆக வேண்டியிருந்தால், நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்து, பிறகு ஏற வேண்டும்.

சைக்கிள் புதிதானாலும் இங்குள்ள உப்புக் காற்றில் பிரேக் கம்பியும் கேபிளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பிரேக் ரப்பர் ரிம்மிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். லிவரை அழுத்தினால் ஹேண்டிலுக்குப் பாதி தூரம் வருவதற்குள் பிடிக்க வேண்டும். விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே துரு, எண்ணெய் போதாது, கேபிளை மாற்றுங்கள்.

ரயில்வே கேட் மூடினால் இருபுறமும் சாலை முழுக்க அடைத்து நிற்கிறார்கள். சைக்கிள்தானே என்று ஓரமாகப் புகுந்து முன்னால் போய் நிற்கிறேன். தவறா?
– வாசகர், உச்சிப்புளி

முன்னால் போய் நிற்பது தவறில்லை, எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கேட் திறந்ததும் எதிரெதிரே இரண்டு கூட்டம் ஒரே தண்டவாளத்தில் மோதும். வலது தடத்தில் நிற்கிற பைக்குகள் எல்லாம் திடீரென்று இடப்பக்கம் ஒடிப்பார்கள், அந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். லாரி, பஸ்ஸின் முன்மூக்குக்கு நேர் கீழேயும் நிற்காதீர்கள். உயரமான இருக்கையிலிருந்து அந்த இடம் தெரியாது. கேட் அருகே இடப்பக்க ஓரம், ஒரு காருக்கு முன்னால் என்றால் நல்லது. முதல் பாய்ச்சல் போகட்டும், பத்துப் பதினைந்து நொடி கழித்துக் கிளம்புங்கள்.

தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும். உள்பக்கம் ரயில் சக்கர விளிம்புக்காக விட்ட பள்ளம் 5 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். சாதாரண சைக்கிளின் 28க்கு 1½ அங்குல டயர் 4 சென்டிமீட்டர்கூட இல்லை. நெரிசலில் சாய்வாக ஒடித்தால் சக்கரம் அதில் இறங்கிவிடும். மழை பெய்திருந்தால் தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. மூடிய கேட்டின் அடியில் குனிந்து போவது அத்துமீறல், ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு.

கேரியரில் 75 சென்டிமீட்டர் அகல ஐஸ் பெட்டி, மீனோடு சேர்த்து 40 கிலோ. கோயில் பக்கம் நெரிசலில் எவ்வளவு இடைவெளி இருந்தால் நுழையலாம்?
– வாசகர், ராமேஸ்வரம்

ஹேண்டில் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஹேண்டில் போனால் நாமும் போய்விடலாம் என்று கண் கணக்குப் போடும், பெட்டி பின்னால் இடிக்கும். 75 சென்டிமீட்டரோடு பக்கத்துக்கு 30 சேர்த்தால் 1.35 மீட்டர். அதற்குக் குறைந்தால் இறங்கி உருட்டுங்கள். பின்னால் 40 கிலோ இருக்கும்போது முன் சக்கரம் லேசாகி, மெதுவாகப் போகையில் ஆடும். நெரிசலுக்குத் தேவையான வேகமே மெதுவான வேகம்தான், ஆகவே அதிகமும் உருட்டத்தான் வேண்டியிருக்கும். சின்ன யானை (டாடா ஏஸ்) போன்ற சிறு சரக்கு வண்டிகளின் பக்கக் கண்ணாடி உங்கள் தோள் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் பின் ரிம்மில் விழுந்தால் பின் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. இரும்பு ரிம்மும் ஈரமும் அப்படி. பெட்டியின் அடியில் ஒரு ஓட்டையில் ட்யூபைச் செருகி, மட்கார்டுக்குப் பின்னால் தரை வரை இறக்கிவிடுங்கள். நெரிசலில் நுழையும் முன் சக்கரம் மூன்று, நாலு சுற்றுச் சுற்றும் வரை பிரேக்கை லேசாக அழுத்தினால் ஈரம் துடைபடும்.

ஐஸ் லாரி இடப்பக்கம் திரும்புவதற்காக நிற்கிறது. ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறதே, போனால் என்ன?
– வாசகர், தங்கச்சிமடம்

அந்த இடம் லாரியின் பின் சக்கரத்துக்கானது. திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். திரும்புவதற்காக லாரி முதலில் வலப்பக்கம் ஒதுங்குவதும் அதற்காகத்தான். லாரியின் பின்னாலேயே நில்லுங்கள்.

மணி அடித்துக்கொண்டே போனால் போதாதா?
– வாசகர், கீழக்கரை

ஏசி போட்ட காரில் கண்ணாடி மூடியிருக்கும், பாட்டும் ஓடும், கேட்காது. நடப்பவர்களுக்கும் பைக்காரர்களுக்கும் கேட்கும், அவர்களுக்காக அடியுங்கள். இரவில் முன்னால் ஒரு வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். வரிசையில் நிற்கும் கார்களின் விளக்கு வெளிச்சத்தில் வெறும் பிரதிபலிப்பான் உள்ள சைக்கிள் கண்ணாடியில் தெரியாது. பேட்டரி விளக்கே வாங்குங்கள், டைனமோ விளக்கு நீங்கள் நின்றதும் அணைந்துவிடும்.