தூர்வாரும் கப்பலில் வந்த தொல்பொருட்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடலடியில் மணலும் சரளையும் அள்ளும்போது கூடவே மேலே வந்துவிடும் பழம்பொருட்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அவ்வளவு வேகத்தில் உறிஞ்சி எடுக்கும்போது ஒரு கல்லாயுதமோ எலும்போ உடையாமல் எப்படி வரும் சார்? யார் கண்ணில்தான் படும்?

உடைவதும் உண்டு. கப்பல் மெதுவாக நகர்ந்துகொண்டே ஒரு பெரிய குழாயைக் கடலடிக்கு இறக்கும். குழாயின் நுனி மணலையும் சரளையையும் தண்ணீரோடு இழுத்துக் கப்பலுக்குள் இருக்கும் தொட்டியில் கொட்டும், தண்ணீர் வழிந்து வெளியே போய்விடும். மாமத் என்ற பனிக்கால யானையின் தந்தம் போல நீளமானவை துண்டு துண்டாகத்தான் வரும். கையளவுக் கல், கடைவாய்ப் பல், தடித்த எலும்பு, பீரங்கிக் குண்டு இதெல்லாம் பெரும்பாலும் தப்பிவிடும்.

கப்பலில் கண்ணில் படுவது குறைவு. சரக்கு இறங்கும் துறையில்தான் கண்டுபிடிப்பு நடக்கிறது. அங்கே பட்டையில் ஓடும் சரளையைச் சலிப்பார்கள், இரும்பைக் காந்தம் பிடித்துவிடும், அளவுக்கு மீறிய கற்கள் தனிக் குவியலாக ஒதுங்கும். அந்த ஒதுக்குக் குவியலில்தான் பாதி வரலாறு கிடக்கிறது.

2007 முடிவில் நெதர்லாந்தின் ஃபிளிசிங்கன் துறையில் நடந்தது இதுதான். யான் மியூல்மீஸ்டர் என்ற தொல்லுயிர் ஆர்வலர் எலும்பு தேடி அப்படி ஒரு குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது கைக்கோடரிகள் கிடைக்க ஆரம்பித்தன. ஒன்றிரண்டு இல்லை, இரண்டு மூன்று மாதத்தில் 28 கைக்கோடரிகள், கூடவே ஆயுதம் செய்யத் தட்டி எடுத்த செதில்களும், அவற்றைத் தட்டி எடுத்த மூலக்கற்களும். சரளை வந்த இடம் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் ஊருக்கு அப்பால் சுமார் 11 கி.மீ. கடலுக்குள், பகுதி 240 என்று எண்ணிட்ட, அள்ளுவதற்கு உரிமம் தந்த ஒரு கடல் பகுதி. வயது 2 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ஆண்டு. நிறுவனம் அந்த இடத்தில் அள்ளுவதை நிறுத்தி வளையம் போட்டு ஒதுக்கியது, அப்புறம் ஆய்வுக் கப்பல்கள் போய்ப் பார்த்தன. ஆற்றுப் படிவுகள் கடலடியில் அப்படியே மிஞ்சியிருந்தது தெரியவந்தது.

கடலுக்கு நடுவில் கோடரி எப்படி வந்தது? கப்பலில் இருந்து விழுந்திருக்கலாமே?

அந்தக் காலத்தில் அங்கே கடல் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அதற்கு முந்தைய பனிக்காலங்களிலும் மட்டம் இப்படி இறங்கி ஏறியிருக்கிறது. இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே உள்ள இன்றைய வட கடலின் தென்பாதி ஆறும் சதுப்பும் மான் கூட்டமுமாக இருந்த நிலம், டாகர்லேண்ட் என்கிறார்கள். 1998இல் தொல்லியலாளர் பிரையனி கோல்ஸ் வைத்த பெயர். அது கடைசியாக முழுகி முடிந்து ஏறக்குறைய 8,000 ஆண்டுதான் ஆகிறது.

இதற்கு முதல் பெரிய சாட்சி 1931இல் வந்தது. கொலிண்டா என்ற மீன்பிடிப் படகின் வலையில் பீட் கட்டி ஒன்று, அதாவது மக்கிய தாவரங்கள் இறுகிய கறுப்புக் கட்டி, ஏறியது. அதை உடைத்தபோது உள்ளே மான்கொம்பில் செதுக்கிய முள்முனை. சுமார் 21 செ.மீ. நீளம், ஒரு பக்கம் முழுக்க வரிசையாகப் பின்னோக்கிய பற்கள், குத்தினால் கழன்று வராதபடி. 13,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பீட் உப்புநீருக்கு அடியில் உருவாகாது, அதனால் அந்தக் கட்டியே அங்கே ஒரு காலத்தில் தரை இருந்தது என்பதற்கு ஆதாரம். ஆயுதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியை வீசியிருந்தால் பாதிக் கதை போயிருக்கும்.

கிடைத்த பொருள் கையில் இருக்கிறதே, இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

தைவானுக்கும் பெங்கு தீவுகளுக்கும் இடையே கடலடியிலிருந்து மீன்வலையில் ஒரு கீழ்த்தாடை வந்தது. கைமாறிக் கைமாறிப் பழம்பொருள் கடைக்குப் போய், பிறகுதான் ஆய்வாளர்களிடம் சேர்ந்தது. 2015இல் அதைப் பற்றி வெளியிட்டபோது வயதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 10,000 முதல் 70,000 ஆண்டுக்குள் இருக்கலாம், அல்லது 1,30,000 முதல் 1,90,000க்குள் இருக்கலாம் என்ற இரண்டு வாய்ப்புகள்தான் சொல்ல முடிந்தது. 2025இல் எலும்பிலும் பல்லிலும் இருந்த புரதத்தை எடுத்துப் பார்த்து அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தைச் சேர்ந்த ஆண் என்று நிரூபித்தார்கள். எவ்வளவு பெரிய சாதனை! ஆனாலும் வயது அதே மங்கலில்தான் நிற்கிறது. எந்த மண் அடுக்கிலிருந்து வந்தது என்பது வலை ஏறிய அன்றே தொலைந்துபோன தகவல்.

இதோடு இந்தோனேசியாவில் ஜாவாவின் மதுரா நீரிணையைச் சேர்த்துப் பாருங்கள். சுரபயாவுக்கு அருகே செயற்கைத் தீவு அமைக்கக் கடலடி மணலை அள்ளிக் கொட்டினார்கள். அந்த மணலில் ஆயிரக்கணக்கான புதைபடிவங்கள், 36 வகை முதுகெலும்பிகள், அவற்றோடு ஹோமோ எரக்டஸ் என்ற ஆதிமனித இனத்தின் மண்டையோட்டின் இரண்டு துண்டுகள். மணல் எங்கிருந்து அள்ளப்பட்டது என்று தெரிந்திருந்ததால் ஆய்வாளர்கள் அந்தக் கடலடிப் படிவையே காலக்கணிப்பு செய்ய முடிந்தது, சுமார் 1,40,000 ஆண்டு என்று 2025இல் வெளியிட்டார்கள். முழுகிப்போன ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, அங்கே யானை இனமான ஸ்டெகோடான், மான், எருமை, கொமோடோ உடும்பு, ஆமை எலும்பில் வெட்டுக்காயம் என்று ஒரு முழு உலகமே எழுந்து வந்தது.

ரெண்டும் கடலடியிலிருந்து சிதறி வந்தவைதான். ஒன்றுக்கு அள்ளிய இடம் தெரியும், மற்றதற்குத் தெரியாது. அதனால் கப்பல் எந்தத் தேதியில் எந்தப் பாதையில் அள்ளியது என்ற பதிவைப் பொருளோடு கட்டிவைத்தே தீர வேண்டும் என்பேன். இந்தப் பதிவு பெரும்பாலான தூர்வாரும் கப்பல்களில் இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை.

அண்ணா, சாதாரணக் கூழாங்கல்லையும் கல்லாயுதத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கல்லைக் கையில் திருப்பி வெளிச்சத்தைச் சாய்வாக விழவிடுங்கள். மனிதன் தட்டிய சிக்கிமுக்கிக் கல்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே மெல்லிய புடைப்பு இருக்கும், அதிலிருந்து அலையலையாக வளையங்கள் விரியும். கைக்கோடரி என்றால் இருபக்கமும் இப்படிச் செதில் எடுத்த பள்ளங்கள் ஓரத்தில் வந்து சந்திக்கும், ஓரம் லேசாக வளைந்து வளைந்து போகும். கடல் உருட்டிய கல்லில் உடைப்புகள் தாறுமாறாக இருக்கும், ஒழுங்கு தெரியாது. நிறத்தையும் பாருங்கள். பழைய உடைப்பில் மேற்பூச்சு ஏறியிருக்கும், குழாயிலோ எந்திரத்திலோ அடிபட்ட புது உடைப்பு பூச்சில்லாமல் பளிச்சென்று தெரியும். ஓரங்கள் இன்னும் கூராக இருந்தால் அது அதிக தூரம் உருண்டு வரவில்லை, அதன் இருப்பிடம் பக்கத்திலேயே மிஞ்சியிருக்கலாம். அந்த ஒரு தகவலுக்காகவே உடனே சொல்ல வேண்டும்.

கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவிக் காயவைத்தால் தப்பா?

கல் என்றால் பெரிய சேதம் வராது. மரம், தோல், கொம்பு, எலும்பு, இரும்பு எதையும் காயவிடாதீர்கள். நீரில் ஊறிய மரத்தின் உள்வலு எப்போதோ போயிருக்கும், தண்ணீர்தான் அதை உருவத்தில் பிடித்துவைத்திருக்கும். காய்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும், திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. ஸ்வீடனில் கடலடியிலிருந்து மீட்ட வாசா என்ற மரக்கப்பலுக்கு, மரத்தில் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள், அவ்வளவு பொறுமை வேண்டிய வேலை. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: மூடியுள்ள டப்பா, வந்த இடத்துக் கடல்நீர், வெயில் படாத குளிர்ந்த மூலை. இரும்பில் ஒட்டிய கெட்டிப் பூச்சைத் தட்டி எடுக்காதீர்கள், அதற்குள்தான் வடிவம் ஒளிந்திருக்கும்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?

நாட்டுக்கு நாடு வேறு. 2001இல் யுனெஸ்கோ உருவாக்கி 2009இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டு நீருக்கடியில் இருந்த மனிதச் சுவடுகளைக் காக்கச் சொல்கிறது, வணிகத்துக்காக எடுத்து விற்பதைத் தடுக்கிறது. கையெழுத்திடாத நாடுகளும் நிறைய, பிரிட்டன் அதில் ஒன்று. அங்கே கப்பல் சிதைவிலிருந்து வந்த பொருள் என்றால் 28 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். கல்லாயுதம் எந்தக் கப்பலிலிருந்தும் வந்ததில்லை, அதனால் அந்தச் சட்டத்துக்குள் அது வராது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2005இல் தூர்வாரும் நிறுவனங்களும் மரபுச் சின்னத் துறையும் சேர்ந்து ஓர் அறிவிப்பு முறை கொண்டுவந்தார்கள். துறையிலோ கப்பலிலோ பார்த்த தொழிலாளி அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்ல, அவர் நிறுவனத்துக்குச் சொல்ல, அங்கிருந்து தொல்லியலாளருக்குப் போகும். நல்ல ஏற்பாடு. பார்த்த தொழிலாளிக்கு இது என்ன பொருள், எவ்வளவு பழையது என்று பதில் திரும்பிப் போவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் எதற்குச் சொல்லப்போகிறார்?

பேசாமல் தூர்வாருவதையே நிறுத்திவிடலாமே?

நடக்காது, கட்டுமானத்துக்கும் கரை அரிப்புக்கும் அந்த மணல் போகிறது. அதோடு, தூர்வாராமல் இருந்திருந்தால் மேலே சொன்ன பலவற்றை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். முன்கூட்டியே ஆராய்வதைத்தான் நான் வலியுறுத்துவேன். ஒலி அலை கொண்டு கடலடியைப் படம் பிடிக்கலாம், துளையிட்டு மண் மாதிரி எடுக்கலாம், சந்தேகப்படும் இடத்தை ஒதுக்கலாம். ராட்டர்டாம் துறைமுக விரிவாக்கத்தின்போது அங்கே யாங்சே என்று பெயரிட்ட துறைப் பகுதியில் இப்படித்தான் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் இடைக்கற்கால முகாம் ஒன்றைக் கண்டார்கள். ஒழுங்காகத் திட்டமிட்டால் முடியும்.

கடற்கரையில் கொட்டிய மணலில் தேடலாமா? ஆபத்து ஏதும் உண்டா?

உள்ளூர்ச் சட்டம் இடம் கொடுத்தால் தேடுங்கள். நெதர்லாந்தில் 2011இல் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொட்டி அமைத்த சாண்ட்மோட்டர் கடற்கரையில், 2016இல் நடந்துபோன ஒருவருக்குச் சின்னச் சிக்கிமுக்கிச் செதில் கிடைத்தது. அதன் ஒரு பக்கத்தில் பிர்ச் மரத்துத் தார் ஒட்டியிருந்தது. நியாண்டர்தால் மனிதர் பிடிக்காகப் பூசிய தார், சுமார் 50,000 ஆண்டு பழையது. அவர் அதை யாரிடமும் காட்டாமல் ஜன்னலோரத்தில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆபத்து நிச்சயம் உண்டு. உருளையாகவோ துருப்பிடித்த உலோகமாகவோ எது கிடந்தாலும் தொடாதீர்கள், போர்க்காலக் குண்டுகள் கடலடியில் ஏராளம். பால்டிக் கடற்கரையில் அம்பர், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசின், என்று நினைத்து, அத்தகைய குண்டுகளிலிருந்து வந்த வெண்பாஸ்பரஸ் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் அது காய்ந்ததும் தானே தீப்பிடித்துக் கடுமையாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்பர் போலத் தெரிவதைப் பையில் போடவே கூடாது, தகர டப்பாவில் வையுங்கள். மற்றபடி எடுக்கும் முன் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், தேதியையும் இடத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள், அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள்.