அசுகாயமா குன்றுப் பூங்கா: கேள்வி பதில்

டோக்கியோவின் வடபகுதியில், ஓஜி ரயில் நிலையத்தை ஒட்டி எழும் அசுகாயமா பூங்காவைப் பற்றி, அங்கே செல்லவிருக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: மலை என்று படித்தேன், படங்களில் மேடு போலத்தான் தெரிகிறது. மேலிருந்து நகரத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: உச்சியில் நாட்டியிருக்கும் கல் 25.4 மீட்டர் என்கிறது. அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் என்பதால், நீங்கள் ஏறவேண்டியது அதைவிடவும் குறைவு. ஒரு காலத்தில் இங்கிருந்து சுகுபா மலை தெரிந்ததற்கு ஹிரோஷிகேயின் மர அச்சு ஓவியங்கள் சான்று. இன்று கட்டடங்கள் மறைத்துவிட்டன. எனவே தொலைவில் எதையும் தேடாமல் கிழக்குச் சரிவின் அடிவாரத்தைப் பாருங்கள். ஷின்கன்சென் என்னும் அதிவேக ரயில் உட்பட ரயில்கள் ஓயாமல் கடந்து செல்லும் அந்தக் காட்சிக்காகவே உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறாமல் மேலே செல்ல வழி உண்டா?

பதில்: உண்டு. நிலையத்தின் மத்திய வாயில் பக்கம் இறங்கினால், நத்தையைப் போன்ற தோற்றமுடைய சிறு பெட்டி ஒன்று சரிவில் ஏறி இறங்குவதைக் காண்பீர்கள். 2009 முதல் ஓடும் இதற்குக் கட்டணம் கிடையாது. 16 பேர் ஏறலாம், இரண்டு நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரைதான் இயங்கும் என்பதை மறந்து அந்தி வரை உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: செர்ரி மலர்க்காலத்தில் வருவது நல்லதா? இவ்வளவு சிறிய குன்றுக்கு ஏன் இத்தனை புகழ்?

பதில்: புகழுக்குக் காரணம், அன்று ஜப்பானை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தின் எட்டாம் ஷோகன் (படைத்தலைவராக இருந்து ஆண்டவர்) யோஷிமுனே. 1720இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட செர்ரிக் கன்றுகளை இங்கே நடச்செய்து, 1737இல் குன்றைப் பொதுமக்களின் களிப்புக்குத் திறந்துவிட்டார். அந்நாளில் மலர் காணும் முதன்மை இடமான உஎனோ, ஷோகன் குடும்பத்துக் கோயிலின் வளாகம் என்பதால், அங்கே குடித்துக் கூத்தாட இயலாது. அசுகாயமாவிலோ குடிக்கவும் பாடவும் வேடம் புனையவும் தடையில்லை. மேட்டிலிருந்து சிறு மண்தட்டுகளை வீசியெறிவதும் அன்றைய விளையாட்டுகளுள் ஒன்று. 1873இல் அரசு முதன்முதலாகப் பூங்காவாக அறிவித்த ஐந்து இடங்களில் இதுவும் இடம்பெற்றது.

மார்ச் இறுதியில் வந்தால் அந்தக் கொண்டாட்டத்தின் மிச்சத்தைக் காணலாம். ஆனால் நடக்கவே இடமிருக்காது. என்னைக் கேட்டால் ஜூன் மாதத்தைத்தான் சொல்வேன்: அடிவாரத்தில் தண்டவாளத்தை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதை முழுவதும் ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும், மழைத்தூறல் அதற்கு அழகுதான் சேர்க்கும்.

கேள்வி: புதிய 10,000 யென் தாளில் இருப்பவருக்கும் இந்தப் பூங்காவுக்கும் என்ன தொடர்பு?

பதில்: 2024 ஜூலையில் வெளிவந்த அந்தத் தாளில் இருப்பவர் தொழில்முனைவர் ஷிபுசாவா எய்இச்சி. அவர் நிறுவிய காகித ஆலை ஓஜியில்தான் இயங்கியது. பின்னர் அவர் குடியேறிய வீடும் இந்தக் குன்றில்தான் இருந்தது. தாகூர் உட்படப் பல அயல்நாட்டு விருந்தினரை வரவேற்ற அந்த மாளிகை 1945 வான்தாக்குதலில் எரிந்துபோயிற்று. 1917இல் எழுந்த பான்கோரோ என்னும் விருந்தினர் இல்லமும் 1925இல் எழுந்த செய்என் நூலகமும் தப்பித்து நிற்கின்றன. நூலகத்தின் ஓடுகளில் அவருடைய குடும்பச் சின்னமான ஓக் இலையைத் தேடிப் பாருங்கள். பக்கத்திலேயே அவருடைய நினைவு அருங்காட்சியகம், காகித அருங்காட்சியகம், வட்டார வரலாற்று அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் வரிசையாக உள்ளன. திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் காகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பையனுக்கு ஏதாவது?

பதில்: விளையாட்டுத் திடலில் டி51 நீராவி எஞ்சின் ஒன்றும் பழைய டிராம் பெட்டி ஒன்றும் நிறுத்தப்பட்டுள்ளன, ஏறி விளையாடலாம். ஓடும் டிராமும் குன்றின் அடியைச் சுற்றிக் கார்களுக்கு நடுவே சாலையிலேயே வளைந்து ஏறுகிறது. பையன் அந்த ஒரு நிறுத்தத் தூரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உணவு எடுத்துச் சென்று அமர்ந்து உண்ணலாமா?

பதில்: தாராளமாக உண்ணலாம். குப்பையைப் போட ஒரு பையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அதைத் திரும்ப எடுத்து வருவதே அங்குள்ள வழக்கம்.